குதிக்கும் முன் இறங்கக் கற்றுக்கொடுங்கள்: சிறுவர் வாலிபால் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

முழுப் பரீட்சை லீவு விட்டதும் ஊருக்கு ஊர் இது நடக்கும். ஆடிப் பழகிய அண்ணன்மார் இரண்டு பேர் சேர்ந்து பள்ளி மைதானத்தைச் சுத்தம் செய்து, கம்பம் நட்டு, வலை கட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். முதல் நாள் 30 பேர் வருவார்கள். மூன்றாவது வாரம் 12 பேர். பள்ளி திறக்கும்போது 5 பேர் மிஞ்சினால் பெரிது. நின்றுபோனவர்களைப் பற்றி, "அதுங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

டெல்டா பக்கத்துக் கிராமம் ஒன்றில் 17 வருடம் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. கை வலித்தது, முட்டி வலித்தது, பந்தே தன் பக்கம் வரவில்லை, எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான் பிள்ளைகள் போகிறார்கள். நான்குமே நம் கையில் இருப்பவை.

9 வயதிலிருந்து 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கும் அண்ணன், அக்கா, ஆசிரியர், அப்பா, அம்மா எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். நீங்கள் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொறுமையும் ஒரு 80 பக்க நோட்டும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

களத்தைப் பிள்ளை அளவுக்குச் சுருக்குங்கள்

பெரியவர்களின் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். 10 வயதுப் பிள்ளையை இதற்குள் நிறுத்தினால் சர்வீஸ் வலையைத் தாண்டாது. தாண்ட வேண்டும் என்பதற்காக உடம்பை வளைத்து, தோளைத் தூக்கி, கண்டபடி வீசுவான். அந்தக் கோணல் பழக்கம் அப்புறம் நாலு வருடத்துக்குப் போகாது.

அதனால் வலையைத் தேடி அலையாமல் முதலில் ஒரு நீளமான கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2 மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். 13, 14 வயதில் 2.15 வரை ஏற்றலாம். கயிற்றில் பழைய துணியைக் கிழித்துத் தொங்கவிட்டால் பந்து மேலே போனதா கீழே போனதா என்ற சண்டை வராது. 9 மீட்டர் அகலத்தை நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். பக்கத்துக்கு மூன்று பேர் வீதம் இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். ஆறுக்கு ஆறு ஆடினாலும் அதே 12 பேர்தான். ஆனால் இங்கே பந்து இரண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பந்தைத் தொடுவது இரட்டிப்பாகும். ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் பின்வரிசை மூலையில் நிற்கும் சின்னப் பையன் பத்து நிமிடம் பந்தையே தொடாமல் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது பந்து. விதிப்படி எடை 260 முதல் 280 கிராம், காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை. நம் ஊரில் சைக்கிள் கடைப் பம்பு வைத்துக் கல் மாதிரி அடித்துவிடுகிறோம். பிள்ளையின் முன்கை சிவந்து வீங்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். 10 வயதுக்குக் கீழே என்றால் லேசான ரப்பர் பந்தோ பெரிய பிளாஸ்டிக் பந்தோ போதும். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சுமார் 210 கிராம் எடையில் தனிப் பந்தே இருக்கிறது. வாலிபாலில் கரைகண்ட நாடு குழந்தைக்குப் பெரிய பந்தைக் கொடுப்பதில்லை. நாம் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்?

தரை மண்ணாக இருந்தால் முதல் நாள் மாலையே தண்ணீர் தெளித்து, கல், ஆணி, கண்ணாடித் துண்டு பொறுக்கிவிடுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். தன் கையால் கல் பொறுக்கிய களத்தை எந்தப் பிள்ளையும் சீக்கிரம் விட்டுப் போகாது. சிமெண்ட் தரை மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அங்கே பாஸ், சர்வீஸ் பழகலாம். குதிக்கும் பயிற்சியை மண்ணுக்கு மாற்றுங்கள்.

முதல் மூன்று மாதம் பந்தோடு பழக்கம்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 75 முதல் 90 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். ஒரு பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் ஒரே விளையாட்டுக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். 11 வயதென்றால் 11 மணி நேரம் என்பது கூரை. அதை எட்டியாக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. மற்ற நாட்களில் கபடி, கோகோ, நீச்சல், மரம் ஏறுதல் எது வேண்டுமானாலும் ஆடட்டும். கோகோ ஆடிய பிள்ளைக்குப் பந்தை நோக்கிப் பாயும் கால் தானாக வந்திருக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சொல்லிக்கொடுக்கும் வரிசை முக்கியம். முதலில் நிற்பது: கால் தோள் அகலம், முட்டி லேசாக மடங்கி, எடை முன்பாதத்தில். அடுத்து விரல் பாஸ், நெற்றிக்கு முன்னால் இரண்டு கையும் முக்கோணமாக. பந்தை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்த இடத்தில் கை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் பிடிக்காமல் தள்ளச் சொல்லுங்கள். பலரும் அண்டர் பாஸிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் விரல் பாஸை முதலில் வைப்பதற்குக் காரணம், அதில் பந்துக்கு அடியில் ஓடிப் போய் நின்றாக வேண்டும். கால் முதலில் நகரும் பழக்கம் அங்கே படிந்துவிடும்.

அண்டர் பாஸில் இரண்டு கட்டை விரலும் பக்கத்தில் பக்கத்தில், முழங்கை நேராக, பந்து மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே முன்கையில் பட வேண்டும். கையை வீசக் கூடாது. முட்டி நிமிர்வதில் பந்து எழும். "கையை வீசாதே" என்று நூறு தடவை கத்துவதைவிட, பாஸ் செய்த பிறகு இரண்டு விநாடி அப்படியே சிலை மாதிரி நில் என்று சொல்லிப் பாருங்கள். வீசியிருந்தால் கை தலைக்கு மேலே போயிருக்கும். அதை அவனே பார்ப்பான்.

சர்வீஸைக் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கயிற்றிலிருந்து 4 மீட்டரில் நிறுத்தி, கீழ்க்கை சர்வீஸ். பத்துக்கு ஏழு தாண்டினால் ஓரடி பின்னால். கோட்டை எட்டியதும் மேல்கை சர்வீஸுக்கு மறுபடி 4 மீட்டருக்கு வந்து அதே கணக்கு. ஷாட் அடிப்பதை, அதாவது குதித்துப் பந்தை எதிர்ப்பக்கம் அறைவதை, மூன்றாவது மாதக் கடைசியில் காட்டுங்கள். எதிராளி ஷாட்டை வலைக்கு மேலே கை நீட்டித் தடுக்கும் பிளாக் அதற்கும் அப்புறம்தான்.

பிள்ளைகள் முதல் நாளே, "ஷாட் எப்போ சார்?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். தரையில் நின்றபடி பந்தைச் சுவரில் அறையும் ஆட்டத்தைக் கடைசி ஐந்து நிமிடம் கொடுங்கள். ஆசையும் தீரும், மணிக்கட்டும் பழகும்.

இறங்குவது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எனக்கு 14 வயது இருந்தபோது ஒருவர் எங்களை விடிகாலையில் சிமெண்ட் தரையில் தினம் 200 தடவை குதிக்க வைத்தார். இரண்டு மாதத்தில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டது. தொட்டாலே உயிர் போகும். "வலி வந்தாத்தான்டா ஆட்டம் வரும்" என்றார். நானும் நம்பினேன். அந்தப் புடைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது, தரையில் மண்டியிட்டு உட்கார முடியாது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாலிபாலில் அதிகம் பிசகுவது கணுக்கால். வலைக்குப் பக்கத்தில் குதித்து இறங்கும்போது எதிராளி காலின் மேலோ, கூட ஆடுபவன் காலின் மேலோ மிதித்துவிடுவார்கள். அடுத்தது முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் வலி, அப்புறம் தோள். மூன்றில் இரண்டு இறங்குவதில் பிறப்பவை. எவ்வளவு உயரம் எழும்பினான் என்பதை எல்லாரும் பார்க்கிறோம். எப்படி இறங்கினான் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

முதல் மாதம் தரையிலிருந்து குதிக்கவே வேண்டாம். முழங்கால் பாதி உயரமுள்ள ஒரு படியிலிருந்து கீழே இறங்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒன்றாக, முன்பாதம் முதலில், முட்டியும் இடுப்பும் மடங்க, பூனை மாதிரி சத்தமில்லாமல். "தொம்" என்று சத்தம் கேட்டால் அந்த இறக்கம் கணக்கில் சேராது. எதிரே நின்று முட்டியைப் பாருங்கள். முட்டி கால் விரல்கள் இருக்கும் திசையில்தான் மடங்க வேண்டும். உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு முட்டி உள்ளே சாய்வதும், அதனால் முட்டி உள்நாண் கிழிவதும் ஆண் பிள்ளைகளைவிட அதிகம். செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து அந்தப் பிள்ளையிடமே காட்டினால் ஒரு வாரத்தில் மாறிவிடும்.

இரண்டாவது மாதம் நின்ற இடத்தில் குதித்து இறங்கலாம். மூன்றாவது மாதம் ஷாட்டுக்கு ஓடிவரும் மூன்று அடி: வலக்கைக்காரருக்கு இடது, வலது, இடது. கடைசி இரண்டும் சட்டென்று. ஷாட் அடித்த பிறகு வலக்கைக்காரர்கள் பலர் இடது காலில் மட்டும் இறங்குவார்கள். உடம்பு முழுவதும் ஒரு முட்டியில். முதல் நாளிலிருந்து இரண்டு கால் இறக்கத்தைப் பிடிவாதமாகக் கேளுங்கள். பந்து தலைக்குப் பின்னால் போனதைத் துரத்தி அடித்தால் ஒற்றைக் கால் இறக்கம் வரும். ஆகவே ஷாட் பழகும்போது பூஸ்ட் கொடுப்பது, அதாவது அடிக்கத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது, நீங்களாக இருங்கள், பந்து நல்ல இடத்தில் விழட்டும்.

எண்ணிக்கையை எழுதுங்கள். முழு வேகக் குதிப்பு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 30, ஆறு மாதத்துக்குப் பிறகு 60, வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. இது நான் வைத்திருக்கும் கணக்கு. இதற்கு மேல் போகாமலே என் பிள்ளைகள் மாவட்டம் வரை ஆடியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் 12 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். நின்றபடி தசையை நீட்டி அரை நிமிடம் பிடிப்பது ஆட்டம் முடிந்த பிறகு. முதலில் மெதுவோட்டம், பக்கவாட்டு ஓட்டம், முட்டி உயர்த்தி நடை, உட்கார்ந்து எழுதல், கை சுற்றல். கூடவே ஒற்றைக் காலில் நின்று பந்தை மாற்றி மாற்றி எறிதல், ஆளுக்கு ஒரு நிமிடம். நெதர்லாந்தில் வாலிபால் ஆட்டக்காரர்களிடம் செய்த ஒரு ஆய்வில், ஏற்கெனவே கணுக்கால் பிசகியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கொடுத்தபோது மறுபடி பிசகுவது குறைந்தது. செலவில்லாத பயிற்சி, விடாதீர்கள்.

எடைத் தூக்கல் பற்றிப் பெற்றோர் பயப்படுவார்கள். இந்த வயதில் சொந்த உடம்பே எடைதான். தண்டால் (தேவைப்பட்டால் முட்டியூன்றி), உட்கார்ந்து எழுதல், குப்புறப் படுத்து முழங்கையூன்றி நிற்பது, குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, இந்த நான்கும் 15 வயது வரை தாராளமாகப் போதும்.

திடீரென்று வளரும் வருடம்

பள்ளிச் சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பென்சில் கோடு போடுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை உயரம் எடுத்து நோட்டில் எழுதுங்கள். பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக வளர்வார்கள், ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அந்தப் பிள்ளை அந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது எலும்பு முந்திக்கொண்டு வளரும். தசையும் நாணும் பின்னால் இழுபடும். முட்டிக்குக் கீழே நாண் எலும்பில் ஒட்டும் இடம் இன்னும் மிருதுவாக இருக்கும், குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே இழுக்கும். எனக்கு வந்தது அதுதான். குதிகால் பின்புறமும் இதே மாதிரி வலிக்கும். இந்த மாதங்களில் குதிப்பைப் பாதியாகக் குறையுங்கள். வலி இருந்தால் முழுவதும் நிறுத்தி பாஸ், சர்வீஸ், பூஸ்ட் பழகட்டும். நொண்டி நடக்கும் அளவு வலி, இரவில் எழுப்பும் வலி என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடம்போடு நிற்காது இது. போன மாதம் பத்துக்கு எட்டு சர்வீஸ் போட்ட பையனுக்கு இந்த மாதம் நாலுதான் தாண்டும். கைகால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய அளவையே நம்பிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு அது தெரியாது. தனக்கு ஆட்டம் மறந்துபோச்சு என்று நினைப்பான். நாமும், "என்னடா, இருந்ததும் போச்சு" என்போம். என்னிடம் வந்த ஒரு பையன் இதே மாதிரி நேரத்தில்தான் நின்றான். இரண்டு வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தேன், ஆறடியை நெருங்கியிருந்தான். "எனக்கு வராதுன்னு தெரிஞ்சு போச்சு சார், அதான்" என்றான். சுவரில் கோடு போடும் வழக்கம் என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். இப்போதெல்லாம் கோடு வேகமாக ஏறியதும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னும் ஆறேழு மாசம் கை கால் சொன்ன பேச்சு கேட்காது. எல்லாருக்கும் வரும், போயிடும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வாக்கியத்தால் விட்டுப் போகாமல் தங்கிய பிள்ளைகள் உண்டு.

அடிபட்டால்

கணுக்கால் பிசகினால் உடனே சுளுக்கு எடுக்க அழைத்துப் போகாதீர்கள். முதல் இரண்டு நாள் தைலம் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்கு 15 நிமிடம், லேசான இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது, இது போதும். நாலு அடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் மேலேயே அழுத்தினால் வலித்தால், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் இடம் உடைந்திருக்கலாம், வெளியே பார்த்தால் சுளுக்கு மாதிரியே இருக்கும். விரலில் பந்து குத்தினால் இழுத்து நெட்டி முறிக்கவே கூடாது. பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, கோணலாக இருந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ மருத்துவரிடம்.

சாப்பாடு, தண்ணீர், தூக்கம்

காலை 6 மணிப் பயிற்சிக்குப் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றில் வருவார்கள். கேட்டால் சாப்பிட்டேன் என்பார்கள். கேட்க வேண்டாம், களத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வேர்க்கடலையும் வைத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்தால் யாருக்கும் கூச்சம் இருக்காது. பயிற்சி முடிந்ததும் சுண்டல், முட்டை, கேழ்வரகுக் கூழ், மோர் எது முடியுமோ அது. பள்ளிச் சத்துணவில் கொடுக்கும் முட்டையை வேண்டாம் என்று ஒதுக்கும் பிள்ளைகளிடம் அது தசைக்கு எதற்கு என்று சொல்லுங்கள், சாப்பிடுவார்கள். புரோட்டீன் பவுடர் இந்த வயதில் தேவையில்லை.

தண்ணீர் குடித்தால் மூச்சு வாங்கும் என்று ஆட்டத்தின் நடுவே தடுப்பது பழைய வழக்கம். ஏப்ரல், மே வெயிலில் அது ஆபத்து. 15 நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாரும் நாலு வாய் குடிக்கட்டும். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், மாலை 5 மணிக்கு முன் தொடங்காதீர்கள். தலை சுற்றல், வாந்தி, வியர்வை நின்றுபோய் உளறுவது போன்ற அறிகுறி தெரிந்தால் நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இராத்திரி 11 வரை போன் பார்த்துவிட்டு 5 மணிக்கு எழுந்து வரும் பிள்ளைக்குப் பயிற்சியால் ஒன்றும் ஏறாது. அப்படிப்பட்டவனை மாலைக்கு மாற்றிவிடுங்கள்.

தவறு செய்த பிறகு

வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்து யோசிக்க முடியாது. ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் தவறில் முடியும், அதுவும் ஊரே பார்க்கும்படி. 11 வயது மனசுக்கு இது பெரிய சுமை. அதனால் தவறு செய்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை, அண்டர் பாஸைச் சொல்லிக்கொடுப்பது போலவே சொல்லிக்கொடுக்க வேண்டும். தானாக வராது.

நான் பழக்குவது இது. பந்து வெளியே போச்சா? வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பு. உள்ளங்கையைத் தொடையில் ஒரு தடவை துடை. வாயால் நீளமாக மூச்சு விடு. திரும்பி வந்து, "அடுத்த பந்து" என்று சத்தமாகச் சொல். பக்கத்தில் நிற்பவர்கள் வந்து கையைத் தட்ட வேண்டும், அது அவர்கள் கடமை. முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது மாதம் நீங்கள் சொல்லாமலே செய்வார்கள்.

சர்வீஸுக்கும் இதே மாதிரி ஒரு வழக்கம் வேண்டும். நடுவர் விசில் ஊதியதிலிருந்து 8 விநாடி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பயத்தில் விசில் சத்தம் அடங்கும் முன்னே அடித்துவிடுவார்கள். இரண்டு தடவை பந்தைத் தட்டு, ஒரு மூச்சு, போட வேண்டிய இடத்தைப் பார், அடி. பயிற்சியிலும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இப்படியே.

திட்டுவதைப் பற்றி: நானும் திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த பந்தைத் தவிர்க்கத்தான் பார்க்கும். "எனக்கு" என்று கூவாது, பக்கத்தில் இருப்பவன் எடுக்கட்டும் என்று அரை அடி பின்வாங்கும். அந்த அரை அடியில் போகும் புள்ளிகளுக்கு நாம்தான் காரணம். சொல்ல வேண்டியதைத் தனியாக, ஒரே ஒரு விஷயமாகச் சொல்லுங்கள். "கை நல்லா இருந்துச்சு, கால் லேட்டு" என்றால் பிள்ளைக்குப் புரியும். "ஒழுங்கா ஆடு" என்பதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? பாராட்டும் அப்படித்தான், எதற்கு என்று தெரிய வேண்டும். வெளியே போன பந்தை விழுந்து எடுக்கப் பார்த்தவனைப் புள்ளி போனாலும் பாராட்டுங்கள்.

இராத்திரி லைட் வெளிச்ச ஆட்டங்களுக்குச் சிறுவர் அணியை அழைத்துப் போனால், மைக்கில் வர்ணனை செய்பவரிடம் முதலிலேயே போய்ப் பேசிவிடுங்கள். கூட்டத்தைச் சிரிக்க வைக்க அவர் சொல்லும் ஒரு கேலி வார்த்தை 13 வயதுப் பையனைப் பல மாதம் களத்துக்கு வராமல் செய்துவிடும். கேட்டுக்கொண்டால் அவர்களும் புரிந்துகொள்கிறார்கள், நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

தோற்ற மறுநாள் என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் ஆண்கள் அணி தென் கொரியாவோடு ஆடியதைத்தான். முதல் செட் 25-27, கைக்கு எட்டியது போச்சு. அடுத்ததை 29-27 என்று எடுத்தார்கள். கடைசி செட்டை 17-15 என்று எடுத்து வென்றார்கள். தென் கொரியா 2018-இல் வெள்ளி வாங்கிய அணி. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, முதல் செட் தோற்றதும் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று கேட்பேன். பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்டால் நமக்கே தெம்பு வரும்.

ஆட்டத்தன்று மட்டும் வயிற்று வலி, காரணமில்லாமல் பயிற்சிக்கு வராமை, முன்பு கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சைக் குறைப்பது, இவை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் வாலிபாலைப் பற்றிப் பேசாமல் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். வீட்டில் வேறு ஏதாவது இருக்கலாம். நம்மால் ஆகாது என்று பட்டால் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

பெண் பிள்ளைகள் வந்தால்

வர வைப்பது எளிது. நிற்க வைக்க நான்கு ஏற்பாடு வேண்டும். பக்கத்தில் பூட்டுள்ள கழிப்பறை, களத்தில் எப்போதும் ஒரு பெண் துணை, இருட்டும் முன் வீடு போய்ச் சேரும் நேரம், அவர்கள் விரும்பும் உடை. மாதவிடாய் நாளில் வராவிட்டால் காரணம் கேட்காதீர்கள், வந்து ஆடினால் தடுக்கவும் வேண்டாம். கை நிலையைத் தொட்டுத் திருத்துவதற்குப் பதில் நீங்களே செய்து காட்டுங்கள், ஆண் பிள்ளைகளுக்கும் இதே முறைதான் நல்லது. எப்போதும் சோர்வு, சீக்கிரம் மூச்சு வாங்குவது என்றால் சோம்பல் என்று முடிவு கட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீரையும் பேரீச்சையும் பேசுகிறோம், ஆனால் குறைவு அதிகமாக இருந்தால் மாத்திரை இல்லாமல் சரியாகாது.

எந்த இடத்தில் ஆடுவது, எப்போது அனுப்புவது

12 வயதில் உயரமாக இருப்பவனை வலையில் நிறுத்திவிட்டு, குட்டையானவனைப் பின்னால் தள்ளிவிடுவது நாம் எல்லாரும் செய்யும் தவறு. சீக்கிரம் வளர்ந்தவனின் வளர்த்தி 15 வயதில் நின்றுவிடலாம், அப்போது அவனுக்கு பாஸும் தெரியாது. தாமதமாக வளர்பவன் அதற்குள் வெறுத்துப் போயிருப்பான். 14 வயது வரை எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும், எல்லாரும் பூஸ்ட் செய்யட்டும். ஜப்பான் அணியில் ஷாட் அடிக்கும் யூஜி நிஷிதாவின் உயரம் ஏறத்தாழ 186 சென்டிமீட்டர். உலக அளவில் அந்த இடத்தில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 2 மீட்டருக்குப் பக்கத்தில் இருப்பார்கள். பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே 1998-இல் வந்த லிபரோ இடமும் இருக்கிறது, அங்கே உயரத்தைவிடக் காலும் கண்ணும்தான் முக்கியம்.

பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் நிறுத்தச் சொல்வார்கள். வாதாடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், பாஸ் மட்டும் என்று பேசி வாங்குங்கள். பரீட்சை முடிந்ததும் அந்தப் பிள்ளை திரும்பி வரும் வழி அதுதான். ஆட்டம் பார்க்க வரும் பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: வண்டியில் வீட்டுக்குப் போகும்போது ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளை முதலில் பேசினால் பேசுங்கள், இல்லாவிட்டால் "என்ன சாப்பிடுறே?" என்று மட்டும் கேளுங்கள்.

15, 16 வயதில் உங்களைத் தாண்டி வளரும் பிள்ளை ஒன்றாவது வரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கோ, நல்ல பயிற்சியாளர் உள்ள பக்கத்து ஊருக்கோ தயங்காமல் அனுப்புங்கள். நம் கையை விட்டுப் போகிறதே என்று வலிக்கத்தான் செய்யும். அனுப்பும்போது அந்தப் பிள்ளையின் நோட்டையும் கொடுத்துவிடுங்கள்: மாதாமாத உயரம், எந்தக் காலில் எப்போது பிசகியது, வாரத்துக்கு எத்தனை குதிப்பு, இறங்கும்போது எந்த முட்டி உள்ளே சாயும். புதிய பயிற்சியாளர் முதல் வாரமே அதைப் படித்துவிட்டால், அந்தப் பிள்ளையின் முட்டி இன்னொரு தடவை முதலிலிருந்து சோதிக்கப்படாது.